கயித்தண்ணன் வீட்டுச் சடையன்

கெடா மாநிலத்தில் கயித்தண்ணன் அளக்காத பொருள் எதுவும் கிடையாது. எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு பார்வை ஓட்டி, "அஞ்சடி நாலு. செருப்பைக் கழட்டினா அஞ்சடி மூணே கால்" என்று சொல்லிவிட்டுத்தான் "சௌக்கியமா?" என்று கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே செய்து தொலைத்ததால் அவருக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுசாக நம்புகிறேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. மலாயாவில், செமிலிங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கயிறு பிடிப்பதுதான் அவருடைய வேலை. புதுக்காட்டில் கன்று நடும்போது வரிசை கோணாமல் இருக்க நீளக் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கயிற்றில் குறித்த இடைவெளியில் முடிச்சு இருக்கும். முடிச்சுக்கு ஒரு குச்சி நட்டுக்கொண்டே போவார்; குச்சி இருக்கும் இடத்தில் மற்றவர்கள் குழி வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்வார். சரியாக ஏழு சுற்று. கோயிலுக்கும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான்.

ஒருநாள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், புருஷன் பெண்டாட்டி சண்டை. தட்டுமுட்டுச் சாமான் பறக்கிறது. விலக்கிவிடப் போன கயித்தண்ணன் இருவருக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து, "அஞ்சடிதான் இருக்கு. குண்டான் பறந்தா குனியக்கூட நேரமிருக்காது. எட்டடி தள்ளி நின்னு சண்டை போடுங்க" என்றார். அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு நாள் பால் வெட்டும்போது மலைப்பாம்பு குறுக்கே வந்தது. நாங்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினோம். அண்ணனும் ஓடி வந்தார், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். "பதிமூணடி" என்றார் மூச்சிரைக்க.

இந்த மனிதருக்கு இரண்டாவது பைத்தியம் கால்பந்து. எங்கள் தோட்டக் குழுவுக்கு நான் கோல்கீப்பர். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் என்னிடம் வந்து நிற்பார்.

"தம்பி, நீ கையத் தூக்கிக் குதிச்சா எட்டடி ஒரு அங்குலம். பந்து எட்டடி ரெண்டு அங்குலத்துல வந்தா என்ன செய்வே?"

"கும்பிடு போட்டு அனுப்பி வைப்பேன், அண்ணே."

"அதான் போன வாரம் செஞ்சியே!"

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமை எழுத்தர், ஜப்பான் அதிகாரிக்குக் கீழே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அரிசிக்குப் பஞ்சம். காலியாகக் கிடக்கிற இடத்திலெல்லாம் மரவள்ளி நட வேண்டும் என்று உத்தரவு. ஆபீசுக்கு முன்னால் நாங்கள் பந்தடித்த பாடாங் திடலைக் கொத்திப் போட்டார்கள். நான் நின்று காத்த கோல் வாசலில் மரவள்ளிக் குச்சி நின்றது. அது என்னைவிட நன்றாகக் காத்தது என்று எங்கள் காப்டன் மாணிக்கம் சொன்னான். அவன் வாய் அப்படி.

அடுத்தது சயாம். அங்கே காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதல் லாரியில் ஏறியவர்களில் எங்கள் சென்டர் பார்வர்டு காத்தான் ஒருவர். அவர் என் அக்கா அஞ்சலையின் புருஷன். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். மூன்று மாதம் போய், ஆறு மாதம் போய், ஒரு கடுதாசி கிடையாது. அக்கா அழவில்லை. "நான் அழுதா அவரு வரமாட்டாரு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரத்துக் கித்தா என்ற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு அந்தக் காடு முழுக்க மரவள்ளி நடச் சொன்னார்கள். மூன்றடிக்கு ஒரு குச்சி என்று உத்தரவு. கயிறு பிடிக்க கயித்தண்ணனை விட்டால் யார்? அண்ணன் ராவோடு ராவாக யோசித்தாரா, நின்ற இடத்தில் யோசித்தாரா தெரியாது. கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்து இரண்டே முக்கால் அடிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார். செடிக்குச் செடி கால் அடி திருடினார். திருடிய கால் அடியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, காட்டின் நட்டநடுவில் நூறு கஜ நீளம், அறுபது கஜ அகலத்தில் ஒரு குச்சிகூட நடாமல் விட்டுவிட்டார்.

ஜப்பான் அதிகாரி சைக்கிளில் வந்து ரோட்டோரம் நின்று பார்த்தார். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. வந்த குச்சியும் நட்ட குச்சியும் சரியாக இருந்தன. நாங்கள் எல்லோரும் குனிந்து வணங்கினோம். "அரை முழம் குனிஞ்சா போதும். முக்கா முழம் குனிஞ்சா சந்தேகப்படுவான்" என்று கயித்தண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததும் ரோட்டிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஓய்வு நாட்களில் ஒவ்வொருவராக உள்ளே புகுந்து கட்டை பிடுங்கி, மேடு தட்டி, மைதானம் ஆக்கினோம். நாலு பக்கமும் மரவள்ளிச் சுவர். கோலுக்கு இரண்டு பாக்கு மரத் தண்டு. மேலே குறுக்குக் கம்புக்குப் பதிலாக அண்ணனின் கயிறு. பந்தாட்டத்துக்கு மட்டும்தான் அந்தக் கயிறு அவர் இடுப்பை விட்டு இறங்கும். கடையில் பந்து ஏது? மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை நூல் நூலாக இழுத்துச் சுற்றி நாங்களே ஒரு பந்து செய்தோம். அது குதித்தால் வானத்துக்குப் போகும். நெஞ்சில் பட்டால் இரண்டு நாள் இருமல் வரும். அந்த நெஞ்சு என் நெஞ்சு.

ரசிகர்கள் பாடுதான் பெரும்பாடு. ரோடு பக்கத்தில் இருந்ததால் கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது. கோல் விழுந்தால் ஆளுக்கொரு மரவள்ளி இலையைத் தூக்கி ஆட்டுவார்கள். நூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு இலையை ஆட்டுகிற ஸ்டேடியம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. எதிரணி கோல் போட்டால் இலை கீழே இறங்கிவிடும். அதுதான் என்னைத் திட்டுவது.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் மாணிக்கம் ஒரு பிரச்சினையைக் கிளப்பினான். "பேரில்லாத மைதானத்துல நான் கால் வைக்க மாட்டேன்." உடனே எல்லோரும் மரவள்ளி நிழலில் உட்கார்ந்து கூட்டம் போட்டோம். சத்தம் போடாமல் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சிங்கக் கோட்டை" என்றான் மாணிக்கம்.

"போன ஆட்டத்துல ஏழு கோல் வாங்கினோம். சிங்கமாம்லா சிங்கம்" என்றாள் என் அக்கா.

"முருகன் திடல்" என்றார் டிரெஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் அவர். மருந்தே வராத காலமாதலால் அவருக்கு முருகன்தான் கைவசம் இருந்தார்.

கயித்தண்ணன் எழுந்தார். "எல்லாம் நல்ல பேருதான். நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்போ, பெரிய கிராணி காதுல விழுற மாதிரி, 'வர்ற லீவுக்குச் சிங்கக் கோட்டைக்குப் போறேன்'னு சொல்லிப் பாருங்க. சாயங்காலம் எல்லாரும் ஜெயில்ல பந்தடிக்கலாம்."

மாணிக்கம் கையை விரித்தான்.

"அப்ப என்னதாண்ணே பேரு வைக்கிறது?"

"ஒரு ஆளோட பேரு வைங்கடா. 'இன்னார் வீட்டுக்குப் போறேன்'னா எவன் கேப்பான்?"

அக்கா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஓரத்தில் வெட்டாத லாலான் புல் முடி முடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "தலை வாராம சடை புடிச்சவன் மாதிரியில்ல கெடக்குறான். சடையன்னு வைங்க" என்றாள். நூறு இலை மேலே போயிற்று. காத்தான் மச்சான் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பின் வால் தெரிந்தது.

பெயர் வைத்தால் மட்டும் போதுமா? பிள்ளைக்குக் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டுமே! மைதானத்துக்குக் காது எது? டிரெஸ்ஸர் நடு மையம் என்றார். "நடுவுல இருக்கிறது தொப்புளு. படிச்சவரு பேசுற பேச்சா?" என்று கயித்தண்ணன் அவரை அடக்கினார். கயிற்றைப் போட்டு நாலு மூலையையும் அளந்தார். ஆற்றோர மூலை மற்றதைவிட நாலு அங்குலம் பள்ளம். "சொன்னது உள்ள எறங்கணும்னா பள்ளந்தான் காது" என்று தீர்ப்பளித்து, குப்புறப் படுத்து, மண்ணில் வாயை வைத்து, "சடையா, சடையா" என்றார். மூன்றாவது சடையாவுக்கு முன்னால் கட்டெறும்பு உதட்டில் கடித்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பெரட்டில் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டுமே.

"சடையனுக்கு எப்படி இருக்கு?"

"நேத்து மழையில நனைஞ்சிட்டான். வயிறெல்லாம் தண்ணி."

"முடி வெட்டணும்னு சொன்னாங்களே?"

"ஞாயித்துக்கிழமை நாலு பேரு போய் வெட்டிவிட்டோம். இப்ப ஆளே பளிச்சுனு இருக்கான்."

செமிலிங்கிலிருந்து ஒரு குழு ஆட வந்தபோது எல்லை மீறிப் போய்விட்டது. அவர்கள் பதினொரு பேரும் சோதனைச் சாவடியில் "சீக்காளியைப் பார்க்கப் போறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் வேறு. பதினொரு ஆம்பிளைகள் பதினொரு சீப்போடு வரிசையாகப் போனதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பெரிய கிராணி பார்த்துவிட்டார்.

மறுநாள் கயித்தண்ணனைக் கூப்பிட்டு விட்டார். துணைக்கு நானும் போனேன்.

"யார்யா அந்தச் சடையன்? ஊரே போய்ப் பார்க்குது, என் ரெஜிஸ்டர்ல அப்படி ஒரு பேரே இல்லையே? பதியாத ஆளைத் தோட்டத்துல வச்சிருந்தா என் தலையில்ல போகும்?"

கயித்தண்ணன் முந்திக்கொண்டார். மைதானம் என்று சொன்னால் தோட்டமே போச்சு. "நம்ம வீட்டுலதாங்க இருக்கான். தூரத்துச் சொந்தம். ஒடம்புக்கு முடியல."

"குடும்பம்?"

"தனி ஆளுங்க."

"உயரம்?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் தடுமாறியிருப்பார். "அஞ்சடி ஏழுங்க" என்று பளிச்சென்று வந்தது பதில். பெரிய கிராணி எழுதிக்கொண்டார். இப்படியாக எங்கள் மைதானம் கயித்தண்ணன் வீட்டில் குடியேறியது.

பதிவான ஆளுக்குப் பங்கீட்டு அரிசி உண்டே! அடுத்த வாரம் சடையன் பேருக்கும் அரிசி வந்தது. வாங்கி வந்த அண்ணனைச் சுற்றி நாங்கள் நின்றோம். ஆட்டக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சலாம் என்றான் மாணிக்கம். "ஒன்னோட ஆட்டத்துக்குக் கஞ்சி வேறயா?" என்றார் அண்ணன். அந்த அரிசியை எடுத்துக்கொண்டு போய், சயாமுக்கு ஆள் போன நாலு வீட்டிலும் செரட்டையால் போட்டார். என் அக்கா வீடு அதில் ஒன்று. வாங்க மாட்டேன் என்று அவள் முறைத்தபோது, "நான் குடுக்கலம்மா. சடையன் குடுக்கிறான். பேரு வச்சவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டானா?" என்றார். வாரா வாரம் நடந்தது. பட்டினி கிடந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் நாலு அடுப்பு ஒரு கால்பந்து மைதானத்தின் சம்பாத்தியத்தில் எரிந்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒருநாள் பெரட்டில் சயாமுக்கு மறுபடியும் ஆள் வேண்டும் என்றார்கள். குடும்பமில்லாத தனி ஆட்கள் முதலில். பெரிய கிராணி பட்டியலை வாசித்தார். முதல் பெயர், "சடையன்."

கயித்தண்ணன் பதறிப்போய், "ஐயா, அவன் சீக்காளிங்க" என்றார்.

"என்ன சீக்கு? போன வாரம் இதே எடத்துல நின்னு, 'சடையன் நல்லா தேறிட்டான், பச்சைப் பசேல்னு இருக்கான், அவன் மேல பதினோரு பேரு ஏறி ஓடினாலும் தாங்குவான்'னு மாணிக்கம் சொன்னானா இல்லையா? நாளைக் கழிச்சு லாரி வருது. ஆளைக் கொண்டாந்து நிறுத்து. இல்லன்னா வச்சிருந்த வீட்டுக்காரன் ஏறணும். கயிறு பிடிக்க வேற ஆளைப் பழக்கிக்கிறேன்."

நாங்கள் மாணிக்கத்தைப் பார்த்த பார்வையில் அவன் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்ல வழியில்லை. சொன்னால் மறைத்த நிலத்துக்கும் வாங்கிய அரிசிக்கும் எத்தனை தலை உருளுமோ! கயித்தண்ணன் லயத்து வாசலில் உட்கார்ந்து கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். "வேற ஆளு இந்த முடிச்சை மூணடிக்கு மாத்திடுவான். இப்பவே சொல்லிடுறேன், மைதானத்துப் பக்கம் மட்டும் கயித்த இழுத்துப் புடிக்க விடாதீங்க" என்றார். போவதற்குத் தயாராகிவிட்டார் மனிதர்.

அக்காதான் பேசினாள். "சடையன் செத்துட்டான்னு சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"பேரு வச்சது நான்தானே? நான்தான் சொல்றேன். சாவட்டும். ஒரு மைதானம் சாவுறதுக்குப் பதிலா இவரு போய்ச் சாவணுமா? ஏற்கெனவே போனவங்க போதும்."

டிரெஸ்ஸர் மலேரியா என்று எழுதிக் கொடுத்தார். பாடைக்குப் பிணம் வேண்டுமே என்று வாழை மரம் ஒன்றை வெட்டினோம். ஆளுக்கு ஆள் ஒரு நீளம் சொன்னார்கள். "அஞ்சடி ஏழுன்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. அரை அங்குலம் கூடக் குறைய இருக்கக் கூடாது" என்று கயித்தண்ணன் கயிறு போட்டு அளந்து வெட்டச் சொன்னார். தன் உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் அளவில் விட்டுக்கொடுக்கவில்லை! தலைக்கு என்ன செய்வது? இருக்கிற ஒரே உருண்டை எங்கள் ஒட்டுப்பால் பந்துதான். அதைத் துணியில் சுற்றி வைத்தபோது மாணிக்கம் நிஜமாகவே கண் கலங்கினான். சடையனுக்காக அன்று முதலில் அழுதவன் அவன்தான், பந்துக்காக அழுதான் என்றாலும்.

ஒப்பாரிதான் சரிவரவில்லை. பைப்படியில் பெண்கள் ஒத்திகை பார்த்தார்கள். ஒருத்தி, "என் ராசா, நீ போனா பெனால்டி எங்க அடிப்பாங்க" என்று எடுத்தாள். கொல்லென்று சிரிப்பு. அடுத்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள். இழவு வீட்டில் இப்படிச் சிரித்தால் பெரிய கிராணி நம்புவாரா என்று எனக்குக் கவலை.

மறுநாள் காலை பாடை தூக்குகிற நேரம். சைக்கிள் மணி கேட்டது. பெரிய கிராணியோடு ஜப்பான் அதிகாரியே வந்துவிட்டார். லாரிக்கு ஒரு நாள் முன்னால் ஆள் செத்தது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கையில் பிரம்பு. எல்லோரும் அரை முழம் குனிந்தோம். எல்லாப் பெண்களும் சிலையாகிவிட்டார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. அதிகாரி பாடையைச் சுற்றி வந்தார். பிரம்பின் நுனியைத் தலைப்பக்கத் துணிக்கு அடியில் விட்டார். என் பக்கத்தில் கயித்தண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா போய் விழுந்தாள். பாடையைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். "என்னைப் பெத்த ராசா..." என்று ஆரம்பித்த குரல் ஒத்திகையில் கேட்ட எந்தக் குரலும் இல்லை. "மூணு மாசம்னு சொல்லி லாரியில ஏறினியே... சயாம் காட்டுல எந்த மண்ணுல கெடக்குறியோ... ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளிருந்துச்சோ இல்லையோ..." அவ்வளவுதான். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் ஓடி வந்து அவள் மேல் விழுந்தார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி அழுதார்கள். சடையன் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

செத்தவன் கயித்தண்ணன் வீட்டில் மலேரியாவில் செத்தவன்; இவர்கள் சயாம் என்று அழுகிறார்கள். ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணிக்குத் தெரியும்.

பெரிய கிராணி அக்காவைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார். அந்த நாலு வீட்டு ஆம்பிளைகளையும் பட்டியலில் எழுதிய கை அவருடையது. அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. அதிகாரி என்னவென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். பெரிய கிராணி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "சுடா மாத்தி, துவான்" என்றார் மலாயில். செத்துவிட்டான் ஐயா. அதிகாரி பிரம்பை எடுத்துக்கொண்டார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். பெரிய கிராணி அங்கேயே ரெஜிஸ்டரைத் திறந்து, எங்கள் கண்ணெதிரே சடையன் பெயரை அடித்தார். அடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

சுடுகாட்டில் குழி தயாராக இருந்தது. "அளந்து பாருங்கண்ணே" என்றேன், அவரைப் பேச வைக்க. "வேணாம்டா" என்றார் கயித்தண்ணன். எங்கள் பந்தும் அந்தக் குழிக்குள் போயிற்று. திரும்பி வந்ததும் அக்கா நாள் முழுக்க அழுதாள், பிறகு எழுந்து அடுப்பு மூட்டினாள்.

நாங்கள் புதுப் பந்து செய்தோம். ஜப்பான்காரன் போகும் வரைக்கும் சடையனில் இலையை ஆட்டிக்கொண்டே ஆடினோம். அந்த வருஷம் கயித்தண்ணன் வற்றிப் போனார். ஏழு சுற்று வந்த கயிறு இடுப்பில் ஒன்பது சுற்று வந்தது. நாங்கள் கேலி செய்வோம், "அண்ணே, கயிறு வளருதா?" என்று. "இடுப்பு ஏழு அங்குலம் கொறஞ்சிருக்குடா. இப்பப் பாரு, பந்து பொறுக்க எப்படி ஓடுறேன்" என்பார். கிழங்கு தின்று எல்லோரும்தான் இளைத்தோம் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சண்டை முடிந்தது. காத்தான் மச்சான் திரும்பவில்லை. அந்த நாலு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. புதுத் துரை வந்து, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இருந்த மைதானத்தைப் பார்த்து அசந்து போய், இதற்கு நல்ல பெயராக வையுங்கள் என்றார். மாணிக்கம் வெட்கமில்லாமல் மறுபடியும் "சிங்கக் கோட்டை" என்றான். ஒரு இலைகூட எழவில்லை. சடையன் சடையனாகவே இருந்தான். சுடுகாட்டில் சடையன் மேட்டில் வருஷா வருஷம் நாலு விளக்கு எரிந்தது. புருஷனைப் புதைக்க இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த வாழை மரம்தான் புருஷன்.

கயித்தண்ணன் பிற்காலத்தில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது, நெடுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, சடையன் பேரை அடிச்சப்புறம் அந்த அரிசி நின்னு போச்சே. அந்த வருஷத்தை எப்படித்தான் ஓட்டினே?"

"எங்க நின்னுச்சு? வந்துகிட்டுத்தான் இருந்துச்சு. நாலு வீட்டுக்கும் வந்துச்சு."

"எப்படி வரும்? பெரிய கிராணி அடிச்சதை நான் கண்ணால பார்த்தேன்."

"கயித்தண்ணன்தான் கொண்டாந்தாரு. கிராணி சும்மா ஒப்புக்குக் கோடு போட்டாரு, சடையன் பங்கு இன்னும் வருதுன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

ஒன்பது சுற்று. அவருடைய பங்கு அரிசி. அந்த இடுப்பைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

"அளந்துதான் போட்டிருப்பாரு, இல்லக்கா?"

"எங்க அளந்தாரு? செரட்டையைக் கவுக்குறப்போ மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. கை போனபடிதான் கொட்டுவாரு."

கெடா மாநிலத்தில் கயித்தண்ணன் அளக்காத பொருள் எதுவும் கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். தப்புதான். ஆனால் அடிக்க மனசில்லை. அண்ணன் படித்தால் அந்த வரி அவருக்குப் பிடிக்கும்.